ரசம் ஏறிய தாலி

ஆகஸ்ட் 3, 1990, வெள்ளி

ஆடிப் பதினெட்டு. விடியுமுன்னே ஆற்றில் கூட்டம் தாங்கவில்லை. எப்படியோ ஒரு படியில் இடம் பிடித்துக் குளித்து, தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு அத்தையோடு வீடு திரும்பினால், தெருவில் பாதி நம் வாசலில் நிற்கிறது. ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டதாம். ஏழேகால் செய்தியில் சொன்னார்களாம்.

மகன் அங்கே இருக்கிறானே என்று அத்தை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னத் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் வீட்டுக்காரர் சாகுலும் என் வீட்டுக்காரரும் அங்கே ஒரே கம்பெனி, ஒரே அறை. அவள் அழுததில் என் ஜாக்கெட் தோள் நனைந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைக் கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன். இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 6, திங்கள்

நான் வேலை பார்க்கும் சித்த மருந்துச்சாலைக் கோடவுனில் நாற்பது வருடமாக மூலையில் கிடந்த இரும்பு வாலையை இன்று வெளியே இழுத்தோம். நானும் மாசானம் அண்ணாச்சியும் இழுத்தோம். மேனேஜர் எபனேசர் சார் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய சாமான்களை எல்லாம் சுத்தம் பண்ணி முன்னறையில் ஒரு காட்சிக்கூடம் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. துடைப்பதும் சீட்டு எழுதி ஒட்டுவதும் என் வேலை.

வாலை என்றால் வேறொன்றுமில்லை. தொப்பை பெருத்த ஒரு இரும்புக் குடம், அதற்கு இறுக்கமான மூடி, மூடியிலிருந்து வளைந்து இறங்கும் நீளக் குழாய், குழாயின் வாய் முங்கும்படி ஒரு தண்ணீர்த் தொட்டி. லிங்கம் என்கிற சிவப்புக் கல்லைப் பொடித்துக் குடத்தில் போட்டு, மூடியின் விளிம்பில் துணியும் மண்ணும் குழைத்துப் பூசி, அடியில் விறகு எரிப்பார்களாம். கல்லுக்குள் இருக்கும் பாதரசம் ஆவியாகிக் குழாய் வழியே இறங்கித் தண்ணீரில் உருண்டையாக விழுமாம். பாட்டிலில் ரசம் விலைக்கு வர ஆரம்பித்ததும் இதற்கு வேலை போய்விட்டது.

சார் ஒரு கட்டளை போட்டார். பொன் எதையும் உடம்பில் வைத்துக்கொண்டு இதன் பக்கத்தில் வரக்கூடாது, உள்ளே பழைய ரசம் தங்கியிருக்கும் என்றார். வளையலையும் கம்மலையும் கழற்றி மேஜை டிராயரில் வைத்தேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஒன்றும் இல்லை. இட்லிக்கு ஆட்டினேன். இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 15, புதன்

லீவு. வீட்டில் இருப்பதுதான் கஷ்டம். அத்தை காலையிலிருந்து ரேடியோவை விட்டு நகரவில்லை. பாட்டு வந்தாலும் கேட்கிறாள், விவசாய நிகழ்ச்சி வந்தாலும் கேட்கிறாள், நடுவில் ஏதாவது சொல்லிவிடுவார்களாம். மதியம், "ஏட்டி செம்பகம், அவன் கடைசியா எழுதுனத இன்னொருக்க வாசி" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தேன். வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை, அம்மா கால் வலிக்குத் தைலம் போடவும். அதில் எழுதியிருந்ததையும் வாசித்தேன், எழுதாததையும் வாசித்தேன்.

பிறகு உட்கார முடியவில்லை. பரணை ஒதுங்க வைத்தேன். ஒதுங்க வைத்ததைத் திரும்பக் கலைத்து ஒதுங்க வைத்தேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

ஜன்னத் விடவில்லை. திருநெல்வேலிக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் பெயர் கொடுத்தால்தான் அங்கே தேடுவார்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள். நிரப்ப ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கணவர் பெயர் உலகநாதன். வேலை எலெக்ட்ரீஷியன். கடைசியாகக் கடிதம் வந்த தேதி என்று ஒரு கட்டம். ஜூலை என்று எழுதினேன். எழுதுமுன் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

வரும்போது பஸ்ஸில் ஜன்னத் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பத்து நாளாகத் தூங்கவில்லையாம். இறங்க வேண்டிய கல்லிடைக்குறிச்சி வந்ததும் எழுப்பினேன். "நீ எப்படிக்கா இவ்வளவு தைரியமா இருக்கே?" என்று கேட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

ஆகஸ்ட் 27, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வாலையின் குழாய்க்குள் அடைப்பு இருந்தது. மாசானம் அண்ணாச்சி குழாயைச் சாய்த்துப் பிடித்து மரச்சுத்தியால் தட்டினார். நான் தொட்டி மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துரு கொட்டியது, மண் கொட்டியது, அப்புறம் பளபளவென்று ஒரு கை ரசம் கொட்டியது. நாற்பது வருட ரசம், புதுசாகவே இருந்தது. எனக்குச் சிரிப்புக் கூட வந்தது. நிமிர்ந்த பிறகுதான் பார்த்தேன், என் தாலி தொட்டிக்குள் தொங்கிக் குளித்து எழுந்திருக்கிறது.

துடைத்தேன், போகவில்லை. சேலையால் தேய்த்தேன், இன்னும் பரவியது. மாலைக்குள் தாலி வெள்ளியாகிவிட்டது. மஞ்சள் கயிற்றில் ஒரு வெள்ளைத் தகடு தொங்குகிறது. "தங்கத்த ரசம் புடிச்சிட்டும்மா. இனி கழுவுனா போவாது, தீயில காட்டணும்" என்றார் அண்ணாச்சி. அடுப்புக் கரி அள்ளக் கிளம்பியவரைச் சார் பிடித்துத் திட்டினார். திறந்த தீயில் காட்டினால் அந்த ஆவியை எல்லோரும் மூக்கால் இழுக்க வேண்டியதுதான், ஆசாரியிடமும் கொண்டு போகாதே என்று என்னிடமும் சொன்னார்.

பிறகு, "உன்னத்தான் கழட்டச் சொன்னேனே?" என்றார்.

வளையலைக் கழற்றினேன். கம்மலைக் கழற்றினேன். தாலியைக் கழற்றக் கை போகவில்லை. யாருக்காக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேனோ.

ஆகஸ்ட் 31, வெள்ளி

வெள்ளிக்கிழமை குளித்துத் தாலிக்கு மஞ்சள் பூசும்போது அத்தை எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். பூசி முடித்ததும் "எம் புள்ள நல்லாருக்கணும்" என்பாள். எட்டு வருட வழக்கம். இன்று அவள் எழுந்திருக்குமுன் குளித்து, கயிற்றை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். மஞ்சள் பூசியாச்சா என்று கேட்டாள். பூசியாச்சு என்றேன். பொய்யோடு பொய்.

செப்டம்பர் 2, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எங்காவது ஓரிடத்தில் எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அவர் குவைத்தில் இல்லை. மே மாதமே கணக்கு முடித்துக்கொண்டு பம்பாய்க்கு வந்துவிட்டார். அங்கே பழக்கமான ஒருத்தியோடு செம்பூரில் குடியிருக்கிறார். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் மருந்துச்சாலை விலாசத்துக்கு எழுதினார். அம்மா தாங்கமாட்டாள், நீ எதுவும் சொல்லாதே, சமயம் பார்த்து நானே வந்து சொல்கிறேன் என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வரி, "நீ புரிந்துகொள்வாய்." நான் என்னத்தைப் புரிந்துகொள்ள? அந்தக் கடிதத்தை மருந்துச்சாலையில் பிண்டத்தைலம் காய்ச்சும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அப்புறம் ஜூன் மாதம் அத்தை கடிதம் எங்கே என்றாள். பழைய கடிதம் ஒன்றை எடுத்து, புதிதாக வந்தது போல நானாக இட்டுக்கட்டி வாசித்தேன். ஜூலையிலும் வாசித்தேன். இப்போது சண்டை வந்து, ஊரெல்லாம் எனக்காகப் பிரார்த்தனை செய்கிறது. ஜன்னத் எனக்கும் சேர்த்து நோன்பு பிடிக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை? அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காகவா? அவர் தலை. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவரோடு நான் இருந்தது மொத்தம் பதினொரு மாதம். மீதி முழுவதும் அத்தையோடுதான். சண்டை போட்டதும் அவளோடு, சினிமாவுக்குப் போனதும் அவளோடு. டைபாய்டில் கிடந்தபோது எனக்குத் தலை வாரி விட்டவள் அவள். மகன் என்னை விட்டுவிட்டான் என்று தெரிந்தால் எனக்கு இந்த வீட்டில் என்ன உறவு இருக்கிறது? சேரன்மாதேவியில் அண்ணன் இருக்கிறான். மைனி ஒரு வேளைச் சோறு போடுவாள், அடுத்த வேளைக்கு முகத்தைப் பார்க்கணும்.

எனக்கு அத்தை வேண்டும். இதை எழுதும்போது மட்டும் அழுகை வருகிறது.

செப்டம்பர் 7, வெள்ளி

பார்த்துவிட்டாள்.

குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கயிறு வெளியே வந்து தொங்கியிருக்கிறது. அத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என்னட்டி அது?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். பாதரசம் பட்டுவிட்டது, வாலையைத் துடைக்கும்போது நடந்தது, தங்கம் எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினாள். சுவரில் இருந்த அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எம் புள்ள போயிட்டான்" என்றாள்.

இல்லை அத்தை, இது வெறும் ரசம் என்று எத்தனை தடவை சொன்னேனோ. ரசமாம் ரசம், எனக்குச் சமாதானம் சொல்லாதே என்றாள். வேடிக்கைதான். மூன்று மாதமாக நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பினாள். இன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை.

செப்டம்பர் 8, சனி

அத்தை சாப்பிடவில்லை.

செப்டம்பர் 10, திங்கள்

கஞ்சி குடித்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்தால் நான் விட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் மகன் உயிரோடு எழுந்துவிடுவான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறேன். என்னைப் போல ஒரு சண்டாளி இருக்க மாட்டாள்.

மருந்துச்சாலையில் இன்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ஒட்டிய சீட்டுகளைக் கிழித்து வேறு எழுதினேன். மாசானம் அண்ணாச்சி டீ வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த டீயும் ஆறிப்போனது.

செப்டம்பர் 17, திங்கள்

ஜன்னத்துக்குத் தந்தி வந்துவிட்டது. சாகுல் பாலைவனம் தாண்டி ஜோர்டானுக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். அம்மானில் விமானத்துக்குக் காத்திருக்கிறாராம். தெருவே கொண்டாடியது. ஜன்னத் சர்க்கரைப் பாக்கெட்டோடு ஓடி வந்தவள் அத்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தை தானாகக் கை நீட்டிச் சர்க்கரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். "சாகுல் வரட்டும்டி. எம் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு அவன் வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் காரியம் வைப்போம்" என்றாள்.

சாகுலுக்கு எல்லாம் தெரியும். ஒரே அறையில் இருந்தவர்தானே. யாருக்கும் எழுதாதே என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கேட்டிருப்பார், அதனால்தான் இதுவரை ஜன்னத்துக்குக் கூடத் தெரியவில்லை. கடிதத்தில் எழுதாமல் விட்டுவிடலாம். எதிரே வந்து நின்று ஒரு தாய் கேட்டால் அந்த மனுஷன் என்ன செய்வார்? சொல்லத்தான் செய்வார். தெருவை வைத்துக்கொண்டு சொல்வார். இவர் எனக்கு எழுதியதும் அவருக்குத் தெரிந்திருக்கும், செம்பகத்துக்கு மே மாசமே தெரியுமே என்பதையும் சொல்வார்.

செப்டம்பர் 22, சனி

சாகுல் பம்பாய் வந்துவிட்டாராம். டிக்கெட் கிடைத்து ரயில் ஏறவே நாலு நாள் ஆகுமாம். 29ஆம் தேதி காலை வீட்டில் இருப்பார் என்று ஜன்னத் சொன்னாள். ஏழு நாள்.

இன்று சொல்லிவிடலாம் என்று அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஆய்ந்தேன். கீரை முடிந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, புதன்

எபனேசர் சாரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. காட்சிக்கூடம் திறக்குமுன் வாலையை ஒருமுறை வெள்ளோட்டம் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கல் போடாமல் என் தாலியைப் போட்டு எரித்தால் என்ன? மூடிய குடம், ஆவி தண்ணீருக்குள்தான் போகும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். வெட்டவெளியில் வைக்க வேண்டும், காற்று போகும் பக்கம் யாரும் நிற்கக்கூடாது, ஆறுமுன் மூடியைத் திறக்கக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டுச் சரி என்றார்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அவள் கண்ணால் பார்க்கட்டும். பார்த்த பிறகு சொல்லிவிடுவேன். சாகுல் சொல்லுமுன் நான் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கப்புறம் போ என்றால் போகிறேன்.

துணிகளை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 28, வெள்ளி

அத்தை வருகிறேன் என்றே சொல்லவில்லை, ஆனால் நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்துவிட்டாள். மருந்துச்சாலைப் பின்முற்றத்தில் வாலையைத் தூக்கி வைத்திருந்தார்கள். மாசானம் அண்ணாச்சி அதற்குத் திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு செவ்வந்திச் சரமும் போட்டிருந்தார். தீ வைக்குமுன் சரத்தை எடுத்தார். சார் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஓரமாக நின்றார். அத்தையை மரப்பெட்டி ஒன்றில் உட்காரச் சொன்னோம்.

தாலியைக் கழற்றினேன். வெறுங்கழுத்தோடு நிற்கக்கூடாது, ஒரு விரலி மஞ்சளையாவது கயிற்றில் முடிந்து போட்டுக்கொள் என்று அத்தைதான் சொல்ல வேண்டியவள். சொல்லவில்லை. அவள் மனதில் மகன் போயே போய்விட்டான் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

கயிற்றிலிருந்து உருவிய தாலியை ஒரு இரும்புக் கிண்ணத்தில் போட்டுக் குடத்துக்குள் இறக்கினோம். அண்ணாச்சி மூடியைச் சுற்றி மண் பூசினார். புளிய விறகு நின்று எரிந்தது. குழாயின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு, காயக் காயத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரை மணி நேரம். சும்மா நிற்க வேண்டாத வேலை என்பதால் நன்றாக இருந்தது. கடைசியில் தொட்டிக்கடியில் ஒரு மிளகு அளவுக்கு ரசம் வந்து கிடந்தது. அத்தை எழுந்து வந்து அதைக் குனிந்து பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

குடம் ஆறுவதற்கு மதியம் ஆகிவிட்டது. சாரே மூடியை நெம்பித் திறந்தார். கிண்ணத்தில் தாலி மஞ்சளாகக் கிடந்தது. பளபளப்பு இல்லை, சுட்ட ஓடு மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஆனால் பொன். அண்ணாச்சி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ சொன்னது நெசந்தான் போலுக்கே" என்றாள். "அப்ப எம் புள்ள இருக்கான்."

முகம் அப்படியே மாறிவிட்டது. இருபது நாளாகப் பார்க்காத முகம். நான் புதுக் கயிற்றில் தாலியைக் கோத்துக் கழுத்தில் வைத்து, பின்னால் கையைக் கொண்டு போனேன். முடிச்சு விழவில்லை. அத்தை எழுந்து வந்தாள். மாமா இறந்த நாளிலிருந்து அவள் யாருடைய தாலிக் கயிற்றையும் தொட்டவளில்லை. "இங்க வேற பொம்பள யாரு இருக்கா? குனி" என்றாள். சாரும் அண்ணாச்சியும் விறகை அணைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

முதல் முடிச்சுப் போட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அத்தை, உங்க மவன் உசுரோடதான் இருக்காவ. ஆனா குவைத்துல இல்ல. மே மாசத்துலருந்து பம்பாய்ல இருக்காவ. தனியா இல்ல."

என் பிடரியில் விரல்கள் அப்படியே நின்றன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடுதாசி வாசிச்சியே?"

"நானா இட்டுக்கட்டி வாசிச்சேன்."

அவள் மூச்சு மட்டும் கழுத்தில் பட்டது. அடித்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது. வீட்டை விட்டுப் போ என்ற வார்த்தை இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்தேன்.

"ஒடம்புக்கு நல்லாருக்கானாமா?" என்றாள்.

நல்லாத்தான் இருப்பாவ என்றேன்.

"நாளைக்குச் சாகுல் வந்ததும் நான் போய்ப் பேசிக்கிடுதேன். நீ அங்க வந்து நிக்கண்டாம். ஒன்னைய எவளும் ஒரு வார்த்த கேக்கப்பிடாது."

விரல்கள் திரும்ப அசைந்தன. இரண்டாவது முடிச்சுப் போடுகிறாள் என்று நினைத்துக் கழுத்தை வாகாகக் கொடுத்தேன். புதுக் கயிறு, மஞ்சள் ஈரத்தில் நன்றாக இறுகியிருந்தது. அவள் நகத்தால் நெம்பினாள். நகம் தோலில் பட்டு எரிந்தது. தலையை ஆட்டாமல் நில்லு என்றாள். அப்போதுதான் தெரிந்தது, முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

கயிற்றை மெள்ள உருவி எடுத்து என் கையில் கொடுத்தாள். என் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டாள்.

"வாட்டி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள்.